மூன்று அவுட்டும் ஓர் உயிர்வேதியியல் தேர்வும்

லேக் ஆல்டர், மினசோட்டா
திங்கட்கிழமை, காலை மணி ஒன்பதரை

அன்புத் தங்கை மார்லிஸுக்கு, உன் அண்ணன் ஹார்லன் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை டுவேனும் சுகமா, மாடுகள் நூற்றுப் பன்னிரண்டும் சுகமா, போன மாதம் கன்று போட்ட பெட்டூனியா ஒழுங்காகத் தின்கிறாளா என்றெல்லாம் முறைப்படி விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான். சனிக்கிழமையிலிருந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நேற்று தேவாலயத்தில் பிரசங்கத்துக்கு நடுவில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். நீ பால் கறக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு "என்ன? என்ன?" என்று கத்துவாய், இதை இரண்டு முறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. முடிந்தால் டுவேனையும் உட்காரச் சொல்.

சனிக்கிழமை நம் சிக்னியின் அணி சாஃப்ட்பால் இறுதி ஆட்டத்தில் ஜெயித்ததை அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். கோப்பையோடு நிற்கிற படத்தையும் அனுப்பியிருப்பாள். அந்தப் படத்தில் பின்னால் ஒரு பேருந்து நிற்கும், பார். அதன் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக ஒரு வழுக்கைத் தலை தெரிந்தால் அது நான்தான். அந்தப் பேருந்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு விவரமாக எழுதுகிறேன்: உன் மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கிடைத்த இடத்தை நான் கெடுத்துவிட்டேன். உயிர்வேதியியலில் நல்ல மதிப்பெண் வந்தால்தான் அந்த இடம் என்று நீதான் கிறிஸ்துமஸ் அன்று சொன்னாய். அந்த உயிர்வேதியியல் போய்விட்டது. அதோடு, இருபத்திரண்டு வருடம் கழித்துக் கிடைத்த கோப்பையும் போய்விடும் போலிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் நான் ஒருவன்.

உனக்கு நான் கல்லூரியின் ஆசிரியப் பிரதிநிதி என்பது தெரியும். அந்தப் பதவி எப்படி வந்தது என்பது தெரியாது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போகாமல் பல் மருத்துவரிடம் போனேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் மேல்சமவெளிக் கல்லூரிகள் விளையாட்டுக் கூட்டமைப்பில் எட்டுக் கல்லூரிகள். எட்டுமே சின்னவை, எட்டுக்குமே விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கிற வழக்கமோ வசதியோ கிடையாது. கூட்டமைப்பின் கடிதத்தாளில் ஒரு தராசு இருக்கும். ஒரு தட்டில் புத்தகம், ஒரு தட்டில் பந்து. இரண்டும் சமம் என்று பொருள். அச்சடித்தவன் பந்துத் தட்டைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டான். அதைச் சரிசெய்ய ஒன்பது வருடமாக ஒரு குழு கூடிக்கொண்டிருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். கூட்டமைப்பின் விதி இதுதான்: ஆட்டத்துக்காக எந்த மாணவியும் தேர்வைத் தவறவிடக் கூடாது. தேர்வு நாளில் அணி வெளியூரில் இருந்தால் ஆசிரியப் பிரதிநிதி முத்திரையிட்ட உறையில் கேள்வித்தாளைக் கொண்டுபோய், கல்லூரியில் தேர்வு தொடங்குகிற அதே நிமிடத்தில் அங்கே தொடங்கி, அதே நிமிடத்தில் முடிக்க வேண்டும். நடுவில் எழுந்து போனவள் திரும்ப வந்து எழுதக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே கூடாது. இந்த விதிகளில் பாதியை எழுதியவனே நான்தான்.

சொந்த மாமாவே மருமகளுக்குக் கண்காணிப்பாளராக இருக்கலாமா என்று கேட்பாய். நானும் அதையே கூட்டமைப்பின் ஆணையரிடம் கேட்டேன், எழுத்தில், மூன்று பக்கம். அவர் இரண்டே வரியில் பதில் போட்டார்: வேறு ஆள் இல்லை, பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். உறையைத் திறந்தது முதல், விடைப்புத்தகம் ஆசிரியர் கைக்குப் போய்ச் சேரும் வரை, மேற்படி மாணவியோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று நானே ஒரு படிவம் தயாரித்து, நானே கையெழுத்துப் போட்டு, அவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.

அது எனக்குப் பெரிய கஷ்டமும் இல்லை, மார்லிஸ். நாலு வருடமாகவே நான் அப்படித்தான் இருந்தேன். அவள் சேர்ந்த முதல் வாரம் கல்லூரிக் காபிக் கடையில் என்னைப் பார்த்து "மாமா!" என்று கத்தினாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இங்க நான் புரொபசர் நுட்சன். நீ எல்லாரையும் மாதிரி ஒரு மாணவி. யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது." அவள் சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் எதிரே வந்தால் நான் ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். அவளுக்கு ஒரு காபிகூட வாங்கிக் கொடுத்ததில்லை. எந்தப் பாடத்தில் என்ன மதிப்பெண் என்று கேட்டதில்லை. கேட்டால் அதுவே பாரபட்சம். நீ ஒவ்வொரு வருடமும் "புள்ளையப் பாத்துக்கறியாண்ணா?" என்று கேட்பாய், நான் "பாத்துக்கறேன்" என்பேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு அட்டவணையையும் அணிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சனிக்கிழமை மதியம் ஒன்று முதல் நாலு வரை உயிர்வேதியியல், அணியில் அந்தப் பாடம் படிப்பவள் சிக்னி ஒருத்திதான் என்று கண்டுபிடித்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானேதான் கண்டுபிடித்தேன். உடனே வேதியியல் துறைக்குப் போய், படிவம் கொடுத்து, உறையை வாங்கினேன். மாடிப்படியில் உயிர்வேதியியல் எடுக்கிற பேராசிரியை ராட்கே சாண்ட்விச் தின்றுகொண்டே எதிரே வந்தாள். உறையில் பெயரைப் பார்த்துவிட்டு, "சிக்னிக்கா? ஏன் ஹார்லன், அவளுக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்து வீசுகிறவள் என்றால் தேர்வு வேண்டாமா, என் மருமகள் என்றால் சலுகையா, இன்றைக்கு இவளை விட்டால் நாளைக்கு எட்டுக் கல்லூரியிலும் எவன் தேர்வு எழுதுவான் என்று படியிலேயே நின்று நாலு நிமிடம் பேசினேன். அவள் மென்று முடித்து, "சரி, உங்க இஷ்டம்" என்று போய்விட்டாள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

சனிக்கிழமை நாங்கள் எதிரணியான கோல்டர் கல்லூரிக்குப் போய் இறங்கும்போதே மழை. பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்: நூலகத்தில் ஓர் அறை, இரண்டு கடிகாரம், நாலு பென்சில், ஒரு குடை. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மின்னல் வெட்டியது. சங்கு ஊதினார்கள், எல்லோரும் மைதானத்தை விட்டு ஓடினார்கள். ஆட்டத்தில் நாங்கள் மூன்று ரன், அவர்கள் இரண்டு. ஏழாவது இன்னிங்ஸின் பின்பாதி மட்டும்தான் பாக்கி. அவர்கள் மட்டை பிடிக்க வேண்டும், நம் சிக்னி பந்து வீசி மூன்று பேரை அவுட் ஆக்கினால் கோப்பை. மின்னல் விதி உனக்குத் தெரியும்: கடைசியாக வெட்டிய மின்னலிலிருந்து முப்பது நிமிடம் வானம் சும்மா இருக்க வேண்டும், நடுவில் ஒன்று வெட்டினால் மறுபடி முதலிலிருந்து முப்பது. அதே மின்னல் நூலகத்தின் மின்சாரத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. கதவையும் பூட்டிவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அணி முழுக்க உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போய் யாரோ ஒருத்தியின் அம்மா அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷை வெட்டிக்கொண்டிருந்தபோது, நான் உன் மகளை மட்டும் கைகாட்டி அழைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன். அவள் கையில் ஹாட்டிஷ் தட்டு. அதை வாங்கி ஓட்டுநர் லைலிடம் கொடுத்தேன். சரியாக ஒரு மணிக்கு உறையைக் கிழித்தேன்.

அவள் கேள்வித்தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா, நான் ஒண்ணு..."

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"இல்ல மாமா, இது எனக்கு..."

படிவத்தை எடுத்து, 'ஒரு வார்த்தையும்' என்ற இடத்தை விரலால் தட்டிக் காட்டினேன். பாவம், நிறைய நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீல அட்டை விடைப்புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தில் ஏதோ நாலு வரி எழுதி, புத்தகத்தை அப்படியே என் பக்கம் தூக்கிக் காட்டினாள். கண்காணிப்பாளர் விடையைப் படிக்கக் கூடாது, மார்லிஸ்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் புத்தகத்தை ஆட்டினாள். நான் கண்ணையும் மூடிக்கொண்டேன். விடை சரிதானா என்று என்னிடம் கேட்கிறாள், அந்த அளவுக்குப் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் கண்ணைத் திறந்தேன்.

இரண்டு மணிக்கு முதல் ஒரு மணி நேர விதி முடிந்ததும், அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். மூன்று மணி நேரத் தேர்வை ஒரு மணியில் மூடுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? மனம் விட்டுவிட்டாள் என்றுதானே? நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் ஆட்டி உட்காரச் சொன்னேன். பிறகு மார்பில் கையை வைத்து, மேலே காட்டி, முஷ்டியை இறுக்கி, தைரியமாக இரு என்று என்னால் முடிந்த அளவு சைகை செய்தேன். லைல் பின்னால் திரும்பி, "புரொபசர், நெஞ்சு வலியா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். அவனோடு பேசலாம் என்பது அப்போது தோன்றவில்லை. சிக்னி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதுவிட்டேன். அவள் மெல்ல உட்கார்ந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

இனி வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். ஒன்று பத்துக்கு ஒரு மின்னல், ஒன்று முப்பத்தைந்துக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, இரண்டு இருபத்தைந்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வெட்டும்போது கூடத்திலிருந்து நூறு பேர் சலித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. நான் மட்டும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். நாலு மணி வரை இப்படியே வெட்டிக்கொண்டிரு, ஆண்டவரே, என்று வேண்டினேன். முப்பது வருடம் பாறைகளைப் பற்றிப் பாடம் எடுத்த மனிதன், பேருந்துக்குள் உட்கார்ந்து மின்னலுக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு ஐம்பதுக்கு ஒன்று கொடுத்தார். அதோடு நிறுத்திவிட்டார். மூன்று பத்துக்கு வெயில் அடித்தது.

மூன்று இருபதுக்குச் சங்கு ஊதி, ஆட்டம் தொடங்கப்போகிறது என்றார்கள். அடுத்த நொடி பயிற்சியாளர் பெவ் ஸ்டாங்கா பேருந்துக் கதவைத் தட்டினாள். அவளை உனக்குத் தெரியும், ஆள் கதவு உயரம்.

"புரொபசர், எங்க பொண்ணக் குடுங்க."

"நாலு மணிக்கு முடியும்."

"நாலு மணிக்கு நாங்க தோத்து வீட்டுக்குப் போயிட்டிருப்போம். மூணே மூணு அவுட்டு!"

"வேற பொண்ணு வீசட்டும்."

"யாரு, ட்ரூடியா? போன வாரம் அவ வீசின பந்துல நடுவரு மூக்கு ஒடஞ்சுது. அவரேதான் இன்னைக்கும் நடுவரு. அவ கையில பந்தப் பாத்தாருன்னா மனுஷன் வண்டியெடுத்துட்டுப் போயிடுவாரு."

"தேர்வு தேர்வுதான், பெவ்."

"அந்தக் கடிதாசுல போட்டிருக்கற தராசுல பந்துத் தட்டு தாழ்ந்துதான் இருக்கு, பாத்தீங்களா?"

இதற்கு நான் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏழு வருடமாகச் சொல்லிவந்ததுதான். அப்போது சிக்னியைப் பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயதில் உன் கொட்டகைக் கதவில் பந்தை எறிந்து எறிந்து பலகையை உடைத்தாளே, அந்தக் கை. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று நாலு வருடத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"போ," என்றேன்.

அவள் வாய் திறந்தபடி நின்றது. "மாமா! நீங்க பேசிட்டீங்க!"

"பேசிட்டேன். போ. மூணு அவுட்டு. முடிச்சிட்டு ஓடி வந்து மீதியை எழுது."

"மாமா, இப்பவாவது நான் சொல்றத..."

"வந்து சொல்லு! ஓடு!"

ஓடினாள். நான் என்ன செய்தேன் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எழுந்து போனவள் திரும்பி வரக் கூடாது என்று விதி எழுதியவனே, வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கேள்வித்தாளைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பதால் ஆட்டத்தைப் போய்ப் பார்க்கவும் முடியாது. கண்ணாடியெல்லாம் நீராவி. லைல் கதவருகே நின்று, சிக்னியின் ஹாட்டிஷைத் தின்றுகொண்டே பார்த்தான்.

"என்ன ஆச்சு, லைல்?"

"ஒண்ணு."

"என்ன ஒண்ணு?"

"அவுட்டு."

கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு" என்றான். பிறகு "ம்ம்" என்றான்.

"என்னய்யா 'ம்ம்'?"

"அடிச்சிட்டா."

"யாரு?"

"அவங்க பொண்ணு. மூணாவது தளத்துல நிக்கறா. இன்னொரு தளம் ஓடினா சமம்."

"இப்ப?"

லைல் ஓர் உருளைக்கிழங்கை மென்று விழுங்கினான். இவன் ஊரில் தீப்பிடித்தாலும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் சொல்வான். திடீரென்று மைதானமே கத்தியது. எந்தப் பக்கத்து ஆட்கள் கத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. "லைல்! லைல்! என்ன ஆச்சு?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

லைல் கரண்டியை நக்கிவிட்டு, "மோசமில்ல" என்றான். நம் ஊர்க்காரன் வாயில் இதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஜெயித்துவிட்டோம் என்று புரிந்துகொண்டேன்.

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். அங்கே எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது எவள் வருவாள்? படம் எடுத்த கையோடு வந்துவிட்டாள், மார்லிஸ். மூன்று நாற்பத்தைந்துக்கு, முழங்கால் வரை சேறும், கன்னத்தில் சேறுமாக வந்து, அதே இருக்கையில் உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் பழையபடி உதட்டில் விரலை வைத்தேன். ஒரு தப்புக்கு மேல் இன்னொரு தப்பு வேண்டாம் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் எழுதி, பென்சிலை வைத்துவிட்டு, நாலு மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். தோற்றுப்போனவள் சிரிக்கிற சிரிப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. நாலு மணிக்குப் புத்தகத்தை வாங்கி உறையில் போட்டு ஒட்டினேன். 'தேர்வு இடையூறின்றி நடந்ததா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன். பணியில் சேர்ந்து முப்பது வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அது.

வரும்போது நான் முன் இருக்கையில் உறையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பாட்டும் கூத்தும். நேற்று அவள் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. உறை இன்னும் ராட்கே கையில் சேரவில்லையே. இன்று காலை எட்டு மணிக்கு உறையைத் துறையில் கொடுத்தேன். அங்கிருந்து நேரே போய், நேற்று இரவு எழுதி வைத்திருந்த கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன். ஆணையருக்கு. நான் பேசினேன், அனுப்பினேன், திரும்ப எழுதவிட்டேன், பொய் எழுதினேன், பதவியை விட்டு விலகுகிறேன், குற்றம் முழுக்க என்னுடையது, பெண்ணைத் தண்டிக்காதீர்கள் என்று ஐந்து பக்கம். ஆனால் எனக்கே தெரியும், தேர்வு செல்லாது என்பார்கள். தேர்வு செல்லாதவள் வீசிய பந்தும் செல்லாது என்று கோல்டர் கல்லூரிக்காரன் சொல்வான். நாலு வருடம் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அவளை ஒதுக்கிவைத்தேன். ஒரே ஒரு நாள் மாமாவாக நடந்தேன், அவள் எதிர்காலமே போய்விட்டது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் நீ யோசித்துவை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கடவுள் உங்கள் வீட்டையும் கொட்டகையையும் காக்கட்டும், பாலுக்கு நல்ல விலை கிடைக்கட்டும், பெட்டூனியாவின் கன்று நன்றாக வளரட்டும். இந்தக் கோடையில் நீ சுடுகிற ரூபார்ப் பை சாப்பிட என்னைக் கூப்பிட வேண்டாம், நான் அதற்கு லாயக்கில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஹார்லன் நுட்சன்

பின்குறிப்பு (பகல் மணி பன்னிரண்டே கால்): மேலே எழுதியதையெல்லாம் படிக்காதே. படித்துவிட்டாய் என்றால் மறந்துவிடு. கடிதத்தை மடிக்கும்போது ராட்கே கூப்பிட்டாள். அவள் வகுப்பில் வருடம் முழுக்கத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் எடுத்தவர்களுக்கு இறுதித் தேர்வே கிடையாதாம். ஏப்ரலிலேயே கதவில் பட்டியல் ஒட்டியாயிற்றாம், சிக்னியின் பெயர்தான் முதலாவதாம். படிக்கட்டில் அதைத்தான் சொல்ல வந்தாளாம். ஆக, அவள் எழுதவேண்டிய தேர்வை நான் கெடுக்கவில்லை. எழுதவே வேண்டாத தேர்வை மூன்று மணி நேரம் எழுதவைத்திருக்கிறேன். இது உனக்கு ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். முதல் பக்கத்திலிருந்தே மாட்டுக் கொட்டகையில் நின்று சிரித்துக்கொண்டிருந்திருப்பாய். சிரி.

வீட்டுக்குள் போடுகிற செருப்போடு தபால் பெட்டிக்கு ஓடினேன். தபால்காரி டார்லா அப்போதுதான் பெட்டியைத் திறந்து பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். அவளும் என் பழைய மாணவிதான். என் கடிதத்தைத் திருப்பிக் கொடு என்று கெஞ்சினேன். "பொட்டில விழுந்தா விழுந்ததுதான், புரொபசர். விதி" என்றாள். ஒரே ஒரு முறை என்றேன். "என் பாறைப் பட்டியல நாலு நிமிஷம் லேட்டுன்னு வாங்க மாட்டேன்னீங்களே, அப்ப நானும் அதத்தான் சொன்னேன்" என்றாள். ஆணையர் நாளை அதைப் படிப்பார். எட்டுக் கல்லூரியும் வருடக் கடைசி வரை சிரிக்கும். பதவி போனால் போகட்டும்.

திரும்பும் வழியில் ராட்கே அந்த நீலப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "இது எனக்கு எழுதினது இல்ல ஹார்லன், உங்களுக்கு எழுதினது" என்றாள். முதல் பக்கத்தில், 'மாமா, எனக்கு இந்தத் தேர்வு இல்லை, விலக்கு கொடுத்தாச்சு. படிச்சிட்டுத் தலையை ஆட்டுங்க, நான் போறேன்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே, 'கண்ணை மூடிட்டீங்களா? சரி.' அடுத்த எட்டுப் பக்கமும் கோல்டர் அணியில் எவளுக்கு எந்தப் பந்து ஆகாது என்ற கணக்கு. நடுவில் ஓரிடத்தில், 'நெஞ்சு வலியான்னு லைல் கேட்டார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை' என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்:

'ஜெயிச்சிட்டோம் மாமா. இனிமே எழுத ஒண்ணுமில்ல. ஆனா நாலு மணி வரைக்கும் இருக்கேன். நாலு வருஷத்துல நாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல மூணு மணி நேரம் உக்காந்தது இதுதான் முதல் தடவை.'

இன்று மூன்று மணிக்கு அவளைக் காபிக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வாசலிலிருந்தே "மாமா" என்று கத்தச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டால், புத்தகம் ராட்கேயிடம் இருக்கிறது, மாமா பார்க்கவில்லை என்று சொல். கண்காணிப்பாளர் விடைப்புத்தகத்தைப் படிக்கக் கூடாது. நான் இதுவரை நாலு முறை படித்துவிட்டேன்.